நோயாளியை ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள்?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று மாதமாக ஆக்சலாட்டல் என்ற நீர்நிலவாழ்வி ஒன்று வளர்கிறது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் செல்லம். தலைக்கு இருபுறமும் இறகு மாதிரி நிற்கும் அதன் செவுள்களில் ஒரு வாரமாக வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. நான்கு நாளாக எதையும் தொடவில்லை. சுத்தத்தில் நாங்கள் குறை வைக்கவில்லை. ஞாயிறுதோறும் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கற்களை அலசி, ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, புதிதாக போர் தண்ணீர் நிரப்புகிறோம். மீன் கடையில் ஒரு மருந்தைக் கொடுத்துத் தொட்டியில் ஊற்றச் சொன்னார்கள். மகளின் தோழியோ டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறாள். உடம்பு சரியில்லாத உயிரை யாராவது ஃப்ரிட்ஜில் வைப்பார்களா? குளிரில் அது துடிக்காதா என்று மகள் அழுகிறாள். இது வைத்தியமா, விபரீதமா?
— வாசகி ஒருவர், கோவை

பதில்: உங்கள் கேள்வியைப் படித்ததும் முகத்தில் ஒரு புன்னகை வந்தது அம்மா. அவ்வளவு நியாயமான கேள்வி. நம் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் போர்வை போர்த்தி, வெந்நீர் கொடுத்து, கஞ்சி வைப்போம்; குளிரில் கிடத்த மாட்டோம். ஆனாலும் அந்தத் தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது. அதற்குப் பலரும் சொல்லும் காரணம்தான் தவறு. கடையில் வாங்கிய மருந்தை மட்டும், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை ஊற்றாதீர்கள்.

முதலில் அந்தப் பஞ்சு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்ற நீர்ப்பூசணம். பூஞ்சை மாதிரியே இழை இழையாக வளரும்; வகைப்பாட்டில் மட்டும் பூஞ்சையிலிருந்து தனிக் குடும்பம். ‘குளிரில் வைத்தால் பூசணம் செத்துவிடும், அதற்குத்தான் ஃப்ரிட்ஜ்’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குளிர்ந்த நீர் இந்தப் பூசணத்துக்குப் பழக்கமான இடம்தான். குளிர்நாட்டு மீன் பண்ணைகளுக்கே இது பெரிய தொல்லை. குளிரில் மெதுவாக வளரும், அவ்வளவே.

அதோடு, இதன் வித்துகள், அதாவது விதைபோல் பரவும் நுண்துகள்கள், ஏறக்குறைய எல்லா நன்னீரிலும் எப்போதும் இருக்கின்றன. உங்கள் தொட்டியில் முதல் நாளே இருந்திருக்கும். நலமாக இருக்கும் ஆக்சலாட்டலின் தோல்மீது வழவழப்பான ஒரு படலம் உண்டு. அதைத் தாண்டி வித்தால் வேர்விட முடியாது. படலம் நைந்தால்தான் பூசணம் பிடிக்கும். வீட்டுச் சுவரில் பூசணம் பூத்தால் என்ன செய்வோம்? துடைத்துவிட்டு, உள்ளே எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தேடுவோம். இங்கேயும் அந்த ஒழுகலைத்தான் தேட வேண்டும்.

ஒழுகல் இரண்டு. ஒன்று வெப்பம்.

ஆக்சலாட்டல் மெக்சிகோ நாட்டு உயிர் என்றதும், வெயில் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அதன் சொந்த ஊரான சோச்சிமில்கோ, மெக்சிகோ நகரின் தென்பகுதியில் உள்ள கால்வாய்களும் ஏரி எச்சங்களும் சேர்ந்த இடம். அட்சரேகையைப் பார்த்தால் நம் மும்பைக்கு நேர்தான். ஆனால் அந்த மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவைக்காரர் உங்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்: அது ஊட்டியின் உயரம். ஊட்டி ஏரியில் பிறக்க வேண்டிய ஒன்றை மேட்டுப்பாளையம் வழியே இறக்கி, கோவையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் சித்திரை மாதத்தில் வைத்திருக்கிறோம். இன்று உலகெங்கும் வீடுகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வளர்பவற்றில் மிகப் பெரும்பாலானவை, 1864-இல் பாரிஸுக்குக் கொண்டுபோன 34 விலங்குகளின் வழிவந்தவை. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்தும் அந்தக் குளிர்நீர் உடம்பு மாறவில்லை. அதற்கு உகந்தது 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20 வரை சமாளிக்கும். 24-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் உடம்புக்குச் சுமை. இந்த மாதங்களில் உங்கள் வீட்டுத் தொட்டி நீர் 28, 29 இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வெப்பமானியைப் போட்டுப் பாருங்கள்.

சூடான நீர் என்ன செய்கிறது? 18 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் 7.5 அளவுதான். காற்று குறைகிற அதே நேரத்தில் தேவை கூடுகிறது. ஆக்சலாட்டல் குளிர்ரத்தப் பிராணி. தன் உடல்வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தாது, சுற்றியுள்ள நீரின் வெப்பமே அதன் வெப்பம். நீர் பத்து டிகிரி ஏறினால் உடலுக்குள் நடக்கும் வேலைகளின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். மூச்சு முட்டும் அறையில் ஒருவரை ஓடவிடுவது மாதிரி. செவுள், தோல், சிறிய நுரையீரல் என மூன்று வழியாகவும் அது மூச்சு வாங்கும். அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றைக் கவ்விக்கொண்டு போகிறதென்றால் மூச்சுக்குத் திணறுகிறதோ என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவது ஒழுகலைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் அக்கறையோடு செய்த வேலை அது. ஞாயிற்றுக்கிழமைக் கழுவல்.

ஆக்சலாட்டலின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. செவுளையும் தோல்படலத்தையும் அரிக்கும் நஞ்சு அது. இதைத் தின்று, முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் உண்டு. அவை குடியிருப்பது தண்ணீரில் அல்ல, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும். குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் வாரம் தவறாமல் தேய்த்து வெயிலில் காயவைத்தது அந்தக் குடியிருப்பைத்தான். பார்வைக்குப் பளிங்கு போன்ற நீர், உள்ளே அமோனியா. வெப்பம் இதிலும் கை கொடுக்கிறது: ஒரே அளவு அமோனியா, காரத்தன்மையுள்ள நீரில் 18 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் மேல் நஞ்சாகும். போர் தண்ணீர் பெரும்பாலும் கொஞ்சம் காரமானதுதான். ஆனால் அதற்காகக் கேன் தண்ணீருக்கு மாறிவிடாதீர்கள். துணி வெளுக்காது, பாத்திரத்தில் உப்புப் படியும் என்று நாம் அலுத்துக்கொள்ளும் போர் தண்ணீரின் கடினத்தன்மை ஆக்சலாட்டலுக்குப் பிடித்தமானது. தாது நீக்கிய கேன் தண்ணீர் அதற்கு ஆகாது.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருவோம். குளிர்ந்த, தினமும் மாற்றிய நீரில் அதை வைத்தால் ஆக்சிஜன் கூடும், தேவை குறையும், அமோனியா சேராது, சேர்ந்ததும் வீரியம் இழக்கும், பூசணமும் மெதுவாகும். குளிர் எதையும் குணப்படுத்துவதில்லை. உடம்புக்கு அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மிகவும் குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பாற்றலும் சேர்ந்து மந்தமாகும். அதனால் எடுத்தவுடன் ஃப்ரிட்ஜ் என்பது என் கட்சி அல்ல. 16 முதல் 18 டிகிரிக்குக் கொண்டுவர முடிந்தால் அதுவே முதல் வைத்தியம். என்ன செய்தும் நீர் 22-க்குக் கீழே நிலைக்காத வீட்டில் மட்டும், சில நாளுக்கு ஃப்ரிட்ஜ்.

செய்யும் விதம் இது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, அது வளையாமல் நீட்டிப் படுக்கும் அளவுக்கு. முன்பு சோப்புப் பட்டதாக இருக்கக் கூடாது. முந்தைய இரவே வாளியில் பிடித்துவைத்த போர் தண்ணீர், உடம்பு முழுக்க மூழ்கும் அளவுக்கு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால், மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். தினமும் ஒருமுறை முழு நீரையும் மாற்றுங்கள். மாற்றும் நீர் அதே குளிரில் இருக்க வேண்டும் என்பதால் இன்னொரு பாத்திரத்தில் மறுநாளுக்கான நீரையும் பக்கத்திலேயே குளிரவையுங்கள். தண்ணீரில் உறைந்த பாட்டில் ஒன்றை மிதக்கவிட்டாலும் வெப்பம் ஓரளவு இறங்கும். ஐஸ் கட்டியை நேரடியாகப் போட வேண்டாம்.

உங்கள் மகளின் கேள்விக்கும் இங்கேதான் பதில். குளிர் அதைத் துடிக்கவைக்காது. திடீர் மாற்றம்தான் துடிக்கவைக்கும். 29 டிகிரியிலிருந்து நேராக 6 டிகிரிக்குத் தூக்கிப் போடுவது கொடுமை. முதல் நாள் பாட்டில் ஐஸால் மெல்ல 20-க்கு இறக்கி, பிறகுதான் ஃப்ரிட்ஜ். உள்ளே 5 முதல் 8 டிகிரி இருக்கட்டும். மூடியில் சில துளைகள், டப்பாவைச் சுற்றி ஒரு துணி. கதவைத் திறக்கும்போதெல்லாம் விளக்கு கண்ணில் அடிக்காது. இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கீழ்த்தட்டைத் தனியாக ஒதுக்குங்கள். இத்தகைய நீர்நிலவாழ்விகளிடம் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அந்தக் குளிரில் அதற்குப் பசிக்காது, செரிக்கவும் செரிக்காது. வற்புறுத்தி ஊட்ட வேண்டாம்.

பூசணத்துக்கு வெளிப்பூச்சாக எதுவும் கிடையாதா என்பீர்கள். உண்டு. நம் ஊர் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து சிவந்த இலை ஒன்றைக் கழுவி டப்பாவில் போடுங்கள். பூச்சிமருந்து தெளிக்காத மரமாக இருக்கட்டும். அல்லது பால், சர்க்கரை, வாசனை எதுவும் சேராத தேயிலை டிகாக்ஷனை ஆறவைத்து, நீர் வெளிர் பழுப்பாகும் அளவு கலந்து, அதில் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். இரண்டிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டேனின் தோலை லேசாக இறுக்கிப் பூசணத்தைத் தடுக்கும். உப்புக் குளியலும் பழக்கத்தில் உண்டு: லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் போகாமல். பூசணம் போகும், ஆனால் நைந்த செவுளை உப்பு எரிக்கும். இலையில் அடங்காதபோது மட்டும் அதைக் கையில் எடுங்கள்.

கடை மருந்தின் சீட்டைப் படித்துப் பாருங்கள். ஆக்சலாட்டலின் தோல் மீன் செதில் மாதிரி காப்பு அல்ல, ஈரத்துணி மாதிரி எதையும் உறிஞ்சும். தாமிரம், மலக்கைட் கிரீன், ஃபார்மலின் என்று ஏதாவது எழுதியிருந்தால் அருகிலேயே கொண்டுபோக வேண்டாம். மெத்திலீன் ப்ளூ என்றால் மருத்துவர் சொல்லும் அளவில், டப்பாவில் மட்டும். தொட்டியில் ஊற்றினால் அந்த நல்ல பாக்டீரியாக்கள் மறுபடி போய்விடும்.

‘அதுதான் வெட்டினாலும் காலை முளைக்கவைக்குமே, தானாகத் தேறாதா’ என்று யாராவது சொல்வார்கள். காலையும் செவுளையும் மறுபடி வளர்ப்பது உண்மை. அதற்கு உயிரும் தெம்பும் மிஞ்ச வேண்டும். நஞ்சுநீரில் கிடந்துகொண்டு எதுவும் முளைக்காது. கால்களிலோ வயிற்றிலோ செம்மை படர்ந்தாலும், வயிறு உப்பினாலும், தலைகீழாக மிதந்தாலும், புண் திறந்தாலும், ஒரு வாரத்தில் பஞ்சு குறையாவிட்டாலும் அயல் விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள், தொட்டி நீர் ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு. இந்த உயிர் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வன உயிர் வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருப்பதால், வளர்ப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள்.

அது டப்பாவில் இருக்கும் நாட்களில் தொட்டியைச் சரிசெய்யுங்கள். கூழாங்கற்களை எடுத்துவிடலாம், இரையோடு விழுங்கினால் குடல் அடைக்கும். ஸ்பாஞ்சை இனித் தொட்டியில் எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும், வெயில் வேண்டாம். வாரம் கால் பங்கு நீர் மட்டும் மாற்றுங்கள். நீர்ப்பரப்பின்மேல் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் மண்பானை நீர் குளிர்வது மாதிரி ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கோடை முழுக்க 18-இல் நிறுத்தவேண்டுமானால் சில்லர் என்ற நீர்குளிர்விப்பான் இல்லாமல் நம் சமவெளியில் முடியாது. அது விலை கூடியது என்பதை மறைக்க விரும்பவில்லை. அமோனியா, நைட்ரைட் சோதனைச் சொட்டுகள் வாங்கி, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகே அதைத் தொட்டிக்குத் திருப்புங்கள், ஏற்றும்போதும் அவசரமில்லாமல். அதற்குச் சில வாரம் ஆனால், பஞ்சு விழுந்ததும் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்து, அதே டப்பாவில் ஐஸ் பாட்டிலும் தினசரி நீர்மாற்றமுமாக ஓட்டுங்கள்.

பஞ்சு உதிர்ந்த இடத்தில் செவுள் இழைகள் குட்டையாக, மொட்டையாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அவை வளரும். நீர் 16, 17-இல் நின்ற இரண்டாம் நாள், ஒரு மண்புழுவைக் கழுவி இரண்டாக நறுக்கி, இடுக்கியில் பிடித்து அதன் மூக்கருகே மெல்ல ஆட்டச் சொல்லுங்கள் உங்கள் மகளை.