பெயர் பொறித்த பேஸை முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு

தோளில் புது பேஸ் கிட்டாரோடு என் வீட்டுப் படியேறி வரும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருகிறார்கள். “சார், மார்கஸ் மில்லர் பேஸ்தான் வாங்கியிருக்கேன். ஆனா பிக்கப் சரியில்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்திடலாமா?” அவர்களிடம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

1. பெயருக்குப் பின்னால் இருக்கும் கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க பேஸ் வாசிப்பாளர் மார்கஸ் மில்லர் தன் குரலாக ஆக்கிக்கொண்டது 1977-ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ஃபெண்டர் கம்பெனி சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்தின் கையில் இருந்த காலம் அது. நெக்கை உடலோடு நான்கு திருகுகளுக்குப் பதில் மூன்றே திருகுகளால் பிடித்திருந்தார்கள். பழைய கருவி சேகரிப்பவர்கள் அந்தக் காலத்து வேலைப்பாட்டை இன்றைக்கும் குறை சொல்வார்கள். நியூயார்க்கில் கிட்டார் கைவினைஞர் ரோஜர் சடாவ்ஸ்கி அந்த பேஸில் பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப்பைப் பொருத்திக் கொடுத்தார், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் மாறியது. ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 1986-ஆம் ஆண்டு ‘டூட்டூ’ ஆல்பத்தில் பெரும்பாலான பாடல்களை இயற்றி பேஸும் வாசித்தவர் மார்கஸ். குறை சொல்லப்பட்ட காலத்துக் கருவி ஒன்று, நல்ல கைவினைஞரிடம் போய், ஒரே வாசிப்பாளரிடம் நிலைத்து நின்றதால் உலகம் அடையாளம் காணும் ஒலியாயிற்று. கடையில் நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஃபெண்டர் 1998-இல் அவர் பெயரில் வெளியிட்ட ஜாஸ் பேஸ் வேறு. 2015-இல் அதே பெயரோடு இந்தோனேசியாவில் தயாராகி வந்த சயர் கம்பெனியின் வி7 வேறு. ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டதை இன்னொன்றின் மேல் ஏற்றிப் பேசாதீர்கள்.

2. முதல் நாள் ப்ரீஆம்ப்பை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வி7-இல் ஆக்டிவ் (ப்ரீஆம்ப்போடு), பாஸிவ் (அது இல்லாமல்) என்று மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கிறது. பாஸிவில் போட்டு, ஆம்பின் குமிழ்களை நடுவில் வைத்து, ஒரு வாரம் அப்படியே வாசியுங்கள். பேஸ், ட்ரெபிள் குமிழ்களை ஏற்றிக் கேட்டால் எல்லாப் பிக்கப்பும் நன்றாகத்தான் இருக்கும். பாட்டுக்குள் போனதும் அந்த ஒலி காணாமல் போகும்.

3. பிக்கப்பைக் குறை சொல்லும் முன் அதன் உயரத்தைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஜாஸ் பேஸ் பிக்கப் என்பது காந்தத் தண்டுகளைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய ஒரு பொருள். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். பிக்கப் தந்திக்கு மிக அருகில் வந்துவிட்டால் அந்தக் காந்தமே தந்தியைப் பிடித்து இழுக்கும். சுரம் நீளாது. தடித்த ஈ தந்தியில் மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்தால் ஒரே சுரத்துக்குள் இரண்டு சுரம் அலைவது போலக் கேட்கும்.

போன மார்கழியில் ஒரு தம்பி வந்தான். ட்யூனர் அசையவில்லை, ஆனாலும் சுருதி சேரவில்லை, பிக்கப் போலி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புதுப் பிக்கப்புக்குப் பணமும் எடுத்து வைத்துவிட்டான். கடைசி ஃப்ரெட்டில் ஈ தந்தியை அழுத்திக் குனிந்து பார்த்தேன். தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே ஒற்றை ரூபாய் நாணயம்கூட நுழையாது போலிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் ஈ பக்கத்துத் திருகுகளை இரண்டு சுற்று இறக்கினேன், ஜி பக்கம் ஒரு சுற்று. “இப்ப வாசிப்பா” என்றேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரே ஒரு சுரத்தை அடித்துவிட்டு, அது அடங்குகிறவரை கையை எடுக்காமல் நின்றான். அலைவு இல்லை. எடுத்து வைத்த பணத்தில் நல்ல தந்தி ஒரு செட் வாங்கிக்கொண்டு போனான்.

கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தபடி ஈ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். மிச்சத்தைக் காது சொல்லும்.

4. இரைச்சல் எல்லாமே கோளாறு அல்ல. ஒற்றைச் சுருள் கொண்ட (சிங்கிள் காயில்) பிக்கப் ஒன்று மட்டும் வேலை செய்தால் ‘ஹம்’ வரும். அது அதன் பிறவிக் குணம். இரண்டு பிக்கப்பையும் எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிராக வைத்திருப்பதால், இரண்டும் சம அளவில் வேலை செய்யும்போது ஒன்றின் ஹம்மை மற்றது அடித்துவிடும். அப்போதும் அடங்கவில்லை என்றால் பேஸைப் பிரிக்கும் முன் சுவரில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். நம் வீடுகளில் மூன்றாவது துளையில் எர்த் இல்லாத பாயின்ட் எத்தனையோ உண்டு. இதை அலட்சியம் செய்யாதீர்கள். எர்த் இல்லாத ஆம்பில் பேஸை மாட்டிக்கொண்டு மைக்கில் உதடு வைத்தால் ஷாக் அடிக்கலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

5. பிக்கப் எது என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். எழுபதுகளில் ஃபெண்டர், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைச் சுமார் 1 சென்டிமீட்டர் பிரிட்ஜை நோக்கித் தள்ளிவைத்தது. தந்தியின் முனைக்கு அருகில் அதிர்வு குறுகலாக இருக்கும். ஒலி இறுகி, விளிம்பு கூர்மையாகும். மார்கஸ் கட்டைவிரலால் அடிக்கும்போது கேட்கும் அந்தப் பளிச்சென்ற கடிப்பில் இந்த 1 சென்டிமீட்டருக்கும் பங்கு உண்டு. அறுபதுகளின் உருண்டையான ஒலி வேண்டும் என்கிறவருக்கு, எழுபதுகளின் இடைவெளி உள்ள பேஸில் எவ்வளவு விலையுள்ள பிக்கப்பைப் போட்டாலும் அது வராது. மல்டிமீட்டரில் 7 கிலோ ஓம், 8 கிலோ ஓம் என்று ஒப்பிட்டுக்கொண்டும் இருக்க வேண்டாம். சுற்று கூடினால் சத்தம் கூடும், நடு ஒலி தடிக்கும், மேல் ஒலி குறையும். அந்த எண் அதற்கு மேல் தரத்தைச் சொல்லாது.

6. வேலைப்பாட்டைக் கையால் சோதியுங்கள். பெயின்டின் பளபளப்பில் மயங்க வேண்டாம். உள்ளங்கையை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டுங்கள்; ஃப்ரெட் முனை எங்காவது குத்துகிறதா? உடலைப் பிடித்துக்கொண்டு தலைப்பகுதியை மெல்லப் பக்கவாட்டில் அசையுங்கள். ‘டிக்’ என்று சத்தம் வந்து தந்தி ஒரு ஓரமாக நகர்ந்தால் நெக் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. இறுக்கினால் சரியாகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

அடுத்து ஜி தந்தியில் 3-ஆவது ஃப்ரெட்டிலிருந்து 9 வரை ஒவ்வொரு சுரமாக அடித்து நீளவிடுங்கள். 5, 6, 7 என்ற இடங்களில் ஏதோ ஒன்று சட்டென்று செத்துப்போகலாம். நெக்கின் மரமும் அதே அதிர்வெண்ணில் அசைய விரும்பி, தந்தியின் சக்தியை உறிஞ்சிக்கொள்கிறது. ஜாஸ் பேஸ் வகைக் கருவிகளில் விலை உயர்ந்தவற்றிலும் இது உண்டு. எந்தப் பிக்கப்பும் இதைத் தீர்க்காது. தலைப்பகுதியில் சிறு கிளாம்ப் ஒன்றை மாட்டினால் செத்த சுரம் அரை ஃப்ரெட் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஒரே மாடலில் மூன்று இருந்தால் மூன்றையும் வாசித்துப் பார்த்து, உயிருள்ள ஒன்றை எடுங்கள்.

7. ஏசி கடையில் நேராக இருந்த நெக், ஐப்பசி மழையில் வளையும். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருப்பக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

8. வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்குங்கள். செருகியே இருந்தால் பேட்டரி ராத்திரியெல்லாம் தீரும்.

9. இத்தனைக்கும் பிறகு பிக்கப்தான் குறை என்று உங்கள் காது சொன்னால், தாராளமாக மாற்றுங்கள். தவறே இல்லை. முதலில் புதுத் தந்தி போட்டு ஒரு மாதம் வாசித்திருக்க வேண்டும். மாற்றும் முன் பழையதன் ஒலியை ஃபோனில் பதிவு செய்யுங்கள். அதே தந்தி, அதே பாட்டு, அதே ஆம்ப். கழற்றிய பிக்கப்புகளைத் திருகுகளோடும் அடியில் இருந்த ஸ்பாஞ்சோடும் ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, பேஸ் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். என் பெட்டியில் அப்படி ஒரு கவர் இருக்கிறது. இரண்டு முறை அதைப் பிரித்து, பழையதையே திரும்ப மாட்டியிருக்கிறேன்.