முழங்கால் ஜவ்வு கிழிந்தால்: மருத்துவர் என்ன பார்க்கிறார்?



கால்பந்தோ கபடியோ ஆடும் இளைஞர் ஓடிக்கொண்டே சட்டென்று திரும்புகிறார். முட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடுகிறது. 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தொடை எலும்பிலிருந்து கீழ்க்கால் எலும்பு முன்னே நழுவாமல் பிடித்திருக்கும் இந்த ஜவ்வை மருத்துவர்கள் ஏ.சி.எல். என்பார்கள். இத்தகைய காயத்தை ஒரு நல்ல விளையாட்டு எலும்பியல் மருத்துவர் எப்படி அணுகுகிறார் என்பதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, கேட்பது. எப்படி விழுந்தீர்கள், சத்தம் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் வீங்கியது, நடக்கும்போது முட்டி மடங்கி விலகுகிறதா? இந்தப் பதில்களிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். சீக்கிரம் வந்த வீக்கம், மூட்டுக்குள் ரத்தம் கசிந்ததற்கு அடையாளம்.

இரண்டாவது, கையால் சோதிப்பது. முட்டியை 20 முதல் 30 டிகிரி வரை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்ப்பார். நல்ல காலையும் அவ்வாறே பார்த்து ஒப்பிடுவார். இதற்கு லாக்மன் சோதனை என்று பெயர். அமெரிக்க மருத்துவர் ஜோசப் டோர்க் 1976-இல் இதை வெளியிட்டு, தம் ஆசிரியர் ஜான் லாக்மன் பெயரையே சூட்டினார். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, நோயாளியோடு சேர்ந்து முடிவெடுப்பது. ஜவ்வு அறுந்தாலே அறுவை சிகிச்சை என்பதில்லை. சுவீடனில் 121 இளவயதினரிடம் நடந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. 62 பேருக்கு உடனே அறுவை சிகிச்சை. 59 பேருக்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை சிகிச்சை. இரண்டு ஆண்டுகளில் இரு பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றே. அந்த 59 பேரில் 23 பேருக்கு மட்டுமே பின்னர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. ஆயினும் முட்டி நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, அடிக்கடி விலகினாலோ, வேறு ஜவ்வுகளும் அறுந்திருந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஆகவே, வயது, தொழில், ஆட்டம் ஆகிய மூன்றையும் விசாரித்தே மருத்துவர் ஆலோசனை சொல்வார்.

நான்காவது, பொறுமையாகத் திரும்ப வைப்பது. அறுவை சிகிச்சைக்குப் பின் வலி போய்விட்டாலும் புதிய ஜவ்வு முழு பலம் பெற மாதங்கள் ஆகும். 9 மாதத்திற்கு முன் மைதானத்தில் இறங்க வேண்டாம் என்பதும், தொடைத் தசையின் பலம் மற்றக் காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது வர வேண்டும் என்பதும் பொதுவான அளவுகோல்.

காயம்பட்ட அன்று எண்ணெய் தேய்த்து உருவவோ, இழுத்து நிமிர்த்தவோ வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். காலை உயர்த்தி வையுங்கள். பாதம் சில்லிட்டாலோ மரத்துப்போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: பயிற்சியாலேயே சரியாகுமா? தள்ளிப்போட்டால் என்ன ஆபத்து? பிசியோதெரபிக்கு எத்தனை மாதம், எவ்வளவு செலவு? கடன் வாங்கி அறுவை சிகிச்சை செய்துவிட்டு, பணமில்லை என்று பயிற்சியைப் பாதியில் நிறுத்தினால் செலவழித்ததன் பலன் கைக்கு வராது. பயிற்சிக்கான பணத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.