கம்பங்கூழுக்கு மழைத்தண்ணி

வீட்டிலேயே லேசான பீர் காய்ச்சலாமான்னு கேக்கிற தம்பி தங்கச்சிகளுக்கு முதல்லயே சொல்லிடறேன்: நம்ம மாநிலத்துல அது குற்றம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினதே சேலம் மாவட்டத்துலதான். நம்ம நாமக்கல்லும் அப்போ அதுக்குள்ளதான் இருந்துச்சு. ஆனா தானியத்தைப் புளிக்க வைக்கிற பக்குவம் நம்ம பானையிலயே இருக்கு. நமீபியாவுல ஓஷிகுண்டுன்னு கம்பு மாவைப் புளிக்க வச்சு அன்னன்னிக்கே குடிச்சுத் தீர்ப்பாங்க. நமக்குக் கம்பங்கூழ்.

கூழ் சரியா புளிக்கலைன்னா கம்பைக் குறை சொல்லாம தண்ணியைப் பாருங்க. நம்ம போர் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பு, மாவுல ஊறுற புளிப்பை முறிச்சிடும். நல்லாக் கொதிக்க வச்சு, வெள்ளையாப் படிஞ்சதும் மேல் தண்ணியை மட்டும் இறுத்துக்குங்க. ஆனா தண்ணியில ஃப்ளோரைடு இருந்தா அது அப்படிப் போகாது. சந்தேகம் இருந்தா குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கொடுத்துப் பாத்துடுங்க. மேட்டூர்க் குழாய்த் தண்ணின்னா குளோரின் போகக் கொதிக்க வச்சு ஆத்தினாப் போதும். புளிக்க வைக்கிறதுல தண்ணி அவ்வளவு முக்கியம்: இங்கிலாந்துல பர்ட்டன் ஊர் பீருக்குப் பேர் வந்ததுக்கே அங்கத்துக் கிணத்துத் தண்ணியில இருந்த ஜிப்சம் ஒரு காரணம்.

என் கணக்குல கூழுக்கு மழைத்தண்ணிதான் உசத்தி. முதல் ரெண்டு மழை மாடியைக் கழுவிட்டுப் போகட்டும். அப்புறம் பிடிச்சு, வெள்ளைத்துணியில வடிகட்டிக் கொதிக்க வச்சு ஆறவிடுங்க. பக்கத்துல கோழிப்பண்ணை இருந்தா மாடித்தண்ணி வேண்டவே வேண்டாம்.

கம்புல ஈரம் தெளிச்சு, மிக்சியை விட்டுவிட்டு ஓட்டிப் புடைச்சாத் தவிடு போயிடும். நொய் தனி, மாவு தனியாச் சலிச்சுக்குங்க. சாயங்காலமா ஒரு டம்ளர் மாவை ரெண்டு டம்ளர் தண்ணியில மண்சட்டியில கரைச்சு, பழைய கூழ் ஒரு கரண்டி விட்டுத் துணி கட்டி வைங்க. காத்து வெளியேறணும், இறுக்கி மூடக்கூடாது. சித்திரையில விடியறதுக்குள்ள பொடிப்பொடியா நுரை கட்டியிருக்கும். மார்கழியில இன்னொரு பகல் ஆகும். நொய்யைக் கொதிக்கிற தண்ணியில வேகவிட்டு, புளிச்ச மாவை ஊத்தி, அடிபிடிக்காமக் கிண்டிக்கிட்டே இருங்க. ஈரக்கையில தொட்டா ஒட்டக்கூடாது, அதுதான் பதம். ஆறினதும் உருண்டை பிடிச்சுத் தண்ணியில போட்டு வைங்க. மறுநாள் காலையில மோர், உப்பு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கரைச்சுக் குடிங்க. மோர்மிளகாய் இருந்தா இன்னும் நல்லது. மாவு மேல கறுப்பாவோ ரோஸாவோ பூஞ்சை தெரிஞ்சா வழிச்செடுத்துட்டு மிச்சத்தை வச்சுக்காதீங்க, சட்டியோட கொட்டிடுங்க.