திரைவழி மருத்துவம்

மலையூர் ஒன்றில் வாழும் உழவர் ஒருவருக்கு நாட்பட்ட தோல்நோய். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தோல்நோய் வல்லுநரைக் காணுமாறு பரிந்துரைக்கிறார். வல்லுநரோ நகரத்தில் இருக்கிறார். சென்று திரும்பப் பேருந்துக் கட்டணம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றோடு, துணைக்குச் செல்லும் மகனின் இரண்டு நாள் கூலியும் இழப்பாகும். வல்லுநர் அவரைப் பார்ப்பதோ பத்து நிமிடம்!

இவ்விடரைக் குறைக்கவே நடுவண் அரசு 2019ஆம் ஆண்டில் இ-சஞ்சீவனி என்னும் தொலைமருத்துவச் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச்சில் இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாயின. நோயாளர் இல்லத்திலிருந்தே மருத்துவரோடு பேசலாம். அல்லது ஊர் நலவாழ்வு மையத்திலிருந்து பேசலாம். மையத்தில் பணியாளர் உடனிருந்து இரத்த அழுத்தம் முதலியவற்றை அளந்து கூறுவார். அதனால் வல்லுநருக்குத் தெளிவு கிடைக்கும்.

எனினும், திரை தொட்டறியாது. வயிற்றிலுள்ள கட்டியை அழுத்திப் பார்த்தே உணர முடியும். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் முதன்மையான செய்தி தவறக்கூடும். போதைத் தன்மையுள்ள மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித்தர நெறிமுறைகள் இடம் தருவதில்லை. திரையில் கண்ட பின்னும் நேரில் செல்ல நேர்ந்தால் பயணச் செலவு மிச்சமாவதில்லை.

இனி, நம் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி, குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல் என்று வலியைப் பிரித்துச் சொல்கிறார். மொழிபெயர்க்கும் பேரனோ எல்லாவற்றையும் ‘தர்த்’ என்னும் ஒரே இந்திச் சொல்லில் அடக்கிவிடுகிறான். நோயை அறிய உதவும் வேறுபாடு அங்கே மறைந்துவிடுகிறது. தமிழறிந்த வல்லுநர் திரையில் கிடைத்தால் பாட்டி தாமே பேசலாம். பேரன் முன் சொல்லக் கூசுவதையும் தனியே சொல்லலாம்.

ஆகவே, பழைய நோயின் தொடர்கவனிப்புக்கும், ஆய்வறிக்கையைக் காட்டி ஐயம் தீர்ப்பதற்கும் திரை ஏற்றது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் போன்றவற்றிற்குத் திரையை நாடாமல் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். எதற்கு எது என்று தெரிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

சொற்பொருள்
இடர் – துன்பம்
நடுவண் அரசு – மத்திய அரசு
குடைச்சல் – உள்ளே துளைப்பது போன்ற வலி
ஐயம் – சந்தேகம்

பயிற்சி
1. உழவரின் நகரப் பயணத்தில் ஏற்படும் செலவுகளையும் இழப்பையும் பட்டியலிடுக.
2. நலவாழ்வு மையத்திலிருந்து பேசுவதால் விளையும் பயன் யாது?
3. பிரித்து எழுதுக: இவ்விடர், தொட்டறியாது.
4. வலியைக் குறிக்கும் வேறு தமிழ்ச் சொற்களை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு தொடரில் அமைத்து எழுதுக.