ஜெயத்திற்கு அடுத்த நாள்

வேத பாடம்: 1 இராஜாக்கள் 19:1-18



குடியிலிருந்து விடுதலையான ஒரு சகோதரனை மூன்றாம் வாரமே சாட்சி சொல்ல மேடையில் ஏற்றினேன். சபையே அல்லேலூயா சொன்னது. இரண்டு மாதத்தில் அவர் விழுந்துபோனார். வெட்கத்தினால் ஆராதனைக்கு வரவில்லை. "பின்மாற்றக்காரன்" என்றோமே தவிர, ஒருத்தரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. இந்த வேதபகுதியால் கர்த்தர் என்னை உணர்த்தினார்.

18-ம் அதிகாரத்தில் கர்மேலில் அக்கினி இறங்குகிறது. 19-ல் அதே எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்கிறார். ஏன்?

1. சரீரம் களைத்தது. தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் சாப்பிடச் சொன்னான். குடியை விட்டவருக்குப் பசியும் தூக்கக் குறைவும் கண்ணி. வேலை முடிந்து காலி வயிற்றோடு கடைப்பக்கம் வராதிருங்கள். வேறு தெருவழியாய் வாருங்கள். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல.

2. தனிமை பிடித்தது. வேலைக்காரனை பெயெர்செபாவில் விட்டுவிட்டு எலியா தனியே போனார். தான் ஒருவனே மீதி என்று புலம்பினார். 7000 பேர் இருந்தார்கள்! அமெரிக்காவில் பில் வில்சன் என்பவர் குடியை விட்டு ஐந்து மாதமானபோது, 1935 மே மாதம், தொழில் விஷயமாக ஆக்ரன் பட்டணத்துக்குப் போய்த் தோற்றார். ஓட்டலில் ஒரு பக்கம் மதுக்கூடம், ஒரு பக்கம் டெலிபோன். டெலிபோனை எடுத்து ஒரு போதகரிடம் பேசினார். அந்தத் தொடர்பில்தான் குடியோடு போராடின டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அப்படிப் பிறந்தது. குடிக்கும் ஆசை அலைபோல் எழும்பும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கும். அந்த நேரத்துக்குக் கூப்பிட உங்களுக்கு யார் இருக்கிறார்?

3. விழுந்தாலும் கர்த்தர் தள்ளவில்லை. எலியாவுக்கு மறுபடி வேலை கொடுத்தார், எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். "போனது போச்சு, இன்னும் ஒண்ணு ஊத்து" என்பது சத்துருவின் சத்தம். சறுக்கின அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

சபையாரே, புதிதாய் விட்டவருக்கு மைக்கைவிட ஒரு கூட்டாளி அவசியம். பிற்பாடு அந்தச் சகோதரன் வீட்டுக்குப் போனேன். "பாஸ்டர், இனிமே நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்று அழுதார். நானும் அழுதேன். இருவரும் முழங்கால்படியிட்டோம். மறுநாளை முதல் நாளாக எண்ணத் தொடங்கினார்.

சிந்திக்க: இந்த வாரம் நீங்கள் போகவேண்டிய வீடு எது? ஆமென்.