உள்ளங்கையில் லினக்ஸ்

கம்ப்யூட்டர் என்றாலே மேசை, பெட்டி, கீபோர்டு, மௌஸ் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். சட்டைப் பையில் வைக்கிற கம்ப்யூட்டரில் லினக்ஸை ஓட வைத்த கதை உங்களுக்குத் தெரியுமா? அதில் நம் பக்கத்து மாநிலத்துக்கும் பங்கு உண்டு.

முதலில், லினக்ஸ்னா என்ன? கம்ப்யூட்டரில் உள்ள எல்லா பாகத்தையும் வேலை வாங்குகிற மேஸ்திரி மாதிரி ஒரு மென்பொருள் இருக்கும். அதுதான் இயங்குதளம். விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று. லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். 1991-ல் ஃபின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதை எழுத ஆரம்பித்தார். அப்போ அவருக்கு 21 வயசு.

ஹோட்டலில் காசு கொடுத்தால் சாம்பார் தருவாங்க, செய்முறை தரமாட்டாங்க. லினக்ஸில் செய்முறையையும் சேர்த்தே தருவாங்க. அந்தச் செய்முறைக்கு மூல நிரல் என்று பெயர். யாரும் படிக்கலாம், மாற்றலாம். மாற்றியதை இன்னொருத்தருக்குக் கொடுத்தால் மாற்றிய செய்முறையையும் கொடுக்கணும், அதுதான் நிபந்தனை.

டோர்வால்ட்ஸ் முதலில் எழுதியது 386 என்ற மேசைக் கணினி சிப்புக்கு. கையடக்கக் கணினிகள் பலவற்றில் இருந்ததோ ஆர்ம் வகை சிப். அது கரண்ட் கம்மியாகச் சாப்பிடும், ஆனால் 386-க்குப் புரிகிற கட்டளை அதற்குப் புரியாது. செய்முறை கையில் இருந்ததால்தான் ஆர்முக்கு ஏற்ற மாதிரி லினக்ஸைத் திருத்த முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை, சின்ன கருவிக்கான நிரலை அந்தச் சின்ன கருவியிலேயே தயாரிப்பதில்லை. பெரிய கம்ப்யூட்டரில் தயாரித்துக் கேபிள் வழியாக உள்ளே அனுப்புவாங்க. பெரிய அடுப்பில் சமைத்து டிபன் பாக்ஸில் அடைக்கிற மாதிரி.

2000-ல் காம்பேக் கம்பெனியின் ஐபேக் என்ற கையடக்கக் கணினி வந்தது. அதில் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுப் பார்த்தாங்க. ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃப்ளாஷ் மெமரிதான். நம்ம பென் டிரைவில் இருப்பதும் அதுதான், கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. அந்த ஃப்ளாஷின் ஆரம்பத்தில் பூட்லோடர் என்ற சின்ன நிரல் இருக்கும். சுவிட்ச் போட்டதும் கருவியை எழுப்பிவிடுவது அதுதான். லினக்ஸ் போட அதையே மாற்றணும். மாற்றும்போது பாதியில் பேட்டரி தீர்ந்தால் எழுப்ப ஆளே இல்லை! கருவி வெறும் செங்கல் மாதிரி ஆகிவிடும். இதற்குத் துணிந்தவர்களுக்கு ரொம்ப தைரியம்தான். 2002-ல் ஷார்ப் கம்பெனியின் சாரஸ் எஸ்எல்-5500 வந்தது. அதில் கடையிலேயே லினக்ஸ் போட்டுக் கொடுத்தாங்க.

இனி நம்ம நாட்டு விஷயம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் கம்பெனி பொறியாளர்களும் சேர்ந்து 1999-ல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை தொடங்கினாங்க. 2001-ல் சிம்ப்யூட்டர் மாதிரிக் கருவியைக் காட்டினாங்க. 206 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் வகை சிப், 32 எம்.பி. ராம், கறுப்பு வெள்ளைத் திரை. உள்ளே லினக்ஸ். லினக்ஸுக்கு லைசென்ஸ் காசு கட்ட வேண்டாம், அதுவே விலையில் ஒரு மிச்சம்.

ஒவ்வொருத்தரும் கருவி வாங்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊருக்கு ஒன்று போதும். ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு. கார்டைச் செருகினால் உங்க விவரம் வரும், எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு. எழுத்துத் தெரியாதவங்களுக்குக் கருவியே வாசித்துக் காட்டணும் என்பதும் திட்டம். எங்க ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. பாஸ் புக்கை நான்தான் படித்துச் சொல்வேன். நான் ஸ்கூலுக்கு வந்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும்.

தமிழை வாசிக்க வைப்பது லேசு இல்லை. கடல், தங்கம், மகன் என்று சொல்லிப் பாருங்க. மூன்றிலும் ஒரே 'க'தான், ஆனால் மூன்று விதமாக ஒலிக்கிறது. இந்தியில் இப்படிப்பட்ட ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் பக்கத்து எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். சொல்லின் முதலில் வந்தால் ஒரு ஒலி, 'ங்' பக்கத்தில் வந்தால் ஒரு ஒலி, இரண்டு உயிர் ஒலிக்கு நடுவில் வந்தால் வேறு ஒலி. நாம் யோசிக்காமலே செய்கிறோம், கம்ப்யூட்டருக்கு விதியாக எழுதித் தரணும். தமிழ் ஐயா நடத்தும் இலக்கணம் இதற்கும் உதவும்னு நான் நினைக்கவே இல்லை!

2004-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. கருவியைக் கையில் சாய்த்தாலே பக்கம் புரளும். இன்றைய செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புதே, அதே தத்துவம்தான். கர்நாடகத்தில் நில ஆவண வேலைக்கும், போக்குவரத்துப் போலீஸ் அபராத ரசீது போடுவதற்கும் சிம்ப்யூட்டரைப் பயன்படுத்தினாங்க.

ஆனால் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 50,000 விற்கும் என்று நினைத்தது, 2005 வரைக்கும் சுமார் 4,000 தான் விற்றது. ஏழைகளுக்கான கருவி என்றாங்க, விலையோ ஏறக்குறைய 10,000 ரூபாயில் ஆரம்பித்தது. லினக்ஸ் இலவசம்தான். திரை, சிப், பேட்டரி இலவசம் இல்லையே. அதுக்குள்ள செல்போன் மலிவாகி ஊருக்குள் வந்துவிட்டது, அதில் பேசவும் முடிந்தது. ஊருக்கு ஒரு கருவி என்ற எண்ணமே மறந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. ஆண்ட்ராய்டுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். சந்தேகமாக இருந்தால் வீட்டில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனை, பெரியவங்களைக் கேட்டுவிட்டு, எடுங்க. செட்டிங்ஸில் போனைப் பற்றிய விவரப் பகுதிக்குப் போய் 'கெர்னல் வெர்ஷன்' எங்கே இருக்கிறது என்று தேடுங்க. 5.10 மாதிரி ஒரு எண் இருக்கும். அது லினக்ஸின் எண். அந்த எண்ணை எழுதிக்கொண்டு வாங்க, யாருடையது புதுசு என்று இந்தச் சுவர் ஓரத்தில் நின்று பார்ப்போம்.