ஆசாரியனிடத்தில் காண்பித்தல்
(வேதபாடம்: லேவியராகமம் 13, லூக்கா 17:11-19)



பத்துக் குஷ்டரோகிகளைக் குறித்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். திரும்பி வந்து நன்றி சொன்ன ஒருவனைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். ஆனால் ஆண்டவர் அவர்களை முதலாவது எங்கே அனுப்பினார்? ஆசாரியரிடத்துக்கு. லேவியராகமத்தில் ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார்க்கிறான்; சந்தேகமிருந்தால் இன்னும் ஏழு நாள். பார்த்தவுடனே அல்லேலூயா சொல்லி அனுப்பிவிடவில்லை.

இதை பைபிள் காலேஜில் படித்து பரீட்சையும் எழுதினவன் நான். ஆனாலும் தவறினேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரி ரிப்போர்ட்டோடு வந்து, "பாஸ்டர், எச்.ஐ.வி. போயிடுச்சு, வைரஸ் இல்லன்னு எழுதியிருக்காங்க" என்றார். அந்தத் தாளைச் சரியாக வாசிக்காமலே சாட்சி சொல்ல மேடையேற்றினேன். சபையே துதித்தது. அவர் மாத்திரையை நிறுத்திவிட்டது, காய்ச்சலும் இருமலுமாய்ப் படுத்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. "சாட்சி சொல்லிட்டு மாத்திரை போட்டா அவிசுவாசம் இல்லையா ஐயா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தத் தாளில் இருந்தது வைரல் லோடு கணக்கு. தினமும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர்களின் இரத்தத்தில் வைரஸ், மெஷின் எண்ண முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். மருந்து வேலை செய்கிறது என்பதே அதற்கு அர்த்தம். வைரஸ் சில செல்களுக்குள் ஒளிந்து தூங்குகிறது; மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே எழும்பிவிடும். கைக்குழந்தைகள் காரியம் வேறு. தாயின் எதிர்ப்புப் பொருள் பிள்ளையின் இரத்தத்தில் இருப்பதால் சாதாரண டெஸ்ட் முதலில் பாசிட்டிவ் காட்டலாம். 18 மாதத்துக்குள் அது மறையும். தொற்றே வராத பிள்ளையைச் சுகமான பிள்ளை என்று சொல்லிவிடுகிறோம்.

அப்படியானால் தானாக அடங்குவது கிடையவே கிடையாதா? உண்டு, மிக மிக அபூர்வம். அமெரிக்காவில் லோரீன் வில்லன்பர்க் என்ற பெண்மணிக்கு 1992-ல் தொற்று தெரியவந்தது. மருந்தில்லாமலே பல வருஷம் வைரஸ் அடங்கியிருந்தது. அவருடைய 150 கோடிக்கும் மேற்பட்ட செல்களில் தேடியும் முழுமையான வைரஸ் கிடைக்கவில்லை என்று 2020-ல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து அவர்கள் சாட்சி சொல்லவில்லை, கவனியுங்கள்! அவர் மாத்திரையை நிறுத்தி சுகமானவரும் அல்ல.

நான் வாலிபனாய் தாம்பரம் சானடோரியம் வார்டுகளில் ஜெபிக்கப்போன நாட்களில், ஒரு வாரம் பார்த்த முகம் மறுவாரம் இருக்காது. 2004 ஏப்ரலில் அரசாங்கம் இலவசமாய் ஏ.ஆர்.டி. கொடுக்கத் தொடங்கிய முதல் ஆஸ்பத்திரிகளில் அதுவும் ஒன்று. அதற்காக நாம் ஒரு ஸ்தோத்திர ஆராதனை வைத்தோமா? இல்லை.

சகோதரியின் கேள்விக்குப் பதிலை பிறகு 2 இராஜாக்கள் 20-ல் கண்டேன். எசேக்கியாவைக் குணமாக்குவேன், பதினைந்து வருஷம் கூட்டித்தருவேன் என்று கர்த்தருடைய வார்த்தை வந்துவிட்டது. அதற்கப்புறமும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தான். இதைச் சொல்லி, நானே கூட்டிக்கொண்டுபோய் மறுபடியும் மாத்திரை ஆரம்பிக்க வைத்தேன். இப்போது டப்பாவை பைபிள் பையிலேயே வைத்திருக்கிறார்.

இப்பொழுதெல்லாம் யாராவது சாட்சி சொல்ல வந்தால், தனியே அழைத்து முதலாவது கேட்பது, "மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்பதே.